மூடிக் கட்டிய மோதிரம்

அக்காவுக்குப் பேசிய மாப்பிள்ளையின் தாயை நான் ஒரே ஒரு நாள்தான் பார்த்தேன். வல்வெட்டித்துறையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். மெலிந்து நெடுத்த மனிசி. எதைக் கேட்டாலும் முதலில் "ஓம்" என்றுவிட்டுத்தான் பதில் சொல்வார்.

தன் விரலில் கிடந்த வைர மோதிரத்தையே அக்காவுக்குப் போடுவதாகச் சொன்னார். அளவு குறைக்க எல்லோருமாக யாழ்ப்பாணத்தில் ஒரு நகைக்கடைக்குப் போனோம். புது மோதிரங்களில் நகம் போன்ற சிறு கம்பிகள் கல்லைப் பிடித்திருக்கும்; பின்னால் திறந்திருப்பதால் கல் முழுவதும் தெரியும். அவருடையது பழைய கட்டு. கல்லின் பின்பக்கம் தங்கத்தால் மூடியிருந்தது.

"உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும்? திறந்து பாப்பம்," என்றார் அப்பா கடைக்காரரிடம். எனக்குத் தலை நிமிரவில்லை.

"ஓம், பாருங்கோ," என்றார் அந்த அம்மா. "என்ரை மனுசன் ரங்கூனிலையிருந்து கொண்டந்து போட்டவர். அவர் கடலோடை போன பிறகும் நான் கழட்டினதில்லை."

கடைக்காரர் திறந்தார். வெறும் கண்ணாடிக் கல். மினுக்கத்துக்காக அதன் கீழே வெள்ளித்தாள் வைத்திருந்தது.

"முந்தி இருந்த மாதிரியே மூடித் தாங்கோ தம்பி," என்றார் அந்த அம்மா.

மோதிரத்தை வாங்கித் தன் விரலிலேயே போட்டுக்கொண்டார். "சுகமாயிரு பிள்ளை," என்று அக்காவின் கன்னத்தைத் தடவிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

சம்பந்தம் அதோடு முடிந்தது. "நல்லகாலம், திறந்து பாத்தம்," என்று அப்பா பலரிடம் சொன்னார். அதைக் கேட்கும்போதெல்லாம் எங்கள் வீட்டுப் பிள்ளையாக இருப்பதற்கே எனக்கு வெட்கமாக இருந்தது.