நாற்காலி உடைந்த பத்து நிமிடம்

மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நகல் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகளாகத் தட்டச்சு செய்துவந்த அம்மையாருக்கு அலுவலகம் இட்ட பெயர் 'உள்ளபடி அக்கா'. கீழ்நீதிமன்றத்தின் பதிவில் ஓர் இருமல் இருந்தால், அவருடைய நகலிலும் அந்த இருமல் இருக்கும். வீட்டிலும் இதே கதைதான். "நான் எங்க அப்படிச் சொன்னேன்?" என்று கணவர் வாயைத் திறந்தால், அவர் சொன்னதை இடையில் விட்ட கொட்டாவியோடு சேர்த்து ஒப்பிப்பார். பாவம், அந்த மனிதர் சண்டை போடுவதையே விட்டுவிட்டார்.

ஒருநாள் அக்காவின் மேசைக்குப் பாலியல் வன்கொடுமை வழக்கின் கட்டு ஒன்று வந்தது. பத்தாண்டுத் தண்டனை பெற்றவன் மேல்முறையீடு செய்திருந்தான். மேல்முறையீட்டில் சாட்சிகளை மறுபடியும் கூண்டில் ஏற்றுவதில்லை. நீதிபதிகள் காகிதத்தை வாசித்தே தீர்ப்பைச் சீர்தூக்குவார்கள். காகிதத்தில் ஓட்டை விழுந்து, மறுவிசாரணை என்று வந்துவிட்டால், பாதிக்கப்பட்ட அந்தப் பெண் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அவள் ஒருமுறை சொன்னதைத் தட்டச்சு செய்வதற்குள் அக்கா இரண்டு முறை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார்.

கண்காணிப்பாளரோ காகிதச் சிக்கனத்தில் கருமி.

"என்னக்கா இது? 'எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் நாற்காலிக் கால் உடைந்தது, சிரிப்பு, வேறு நாற்காலி வரப் பத்து நிமிடம்.' இதெல்லாம் நீதிபதிக்கு எதுக்கு? அவர் என்ன தச்சரா?"

"அங்க உடைஞ்சிருக்கு சார்."

"உடைஞ்சா உடைஞ்சிட்டுப் போகுது. கேள்வி, பதில் போதும். வெட்டுங்க."

"அந்தப் பொண்ணை நீதிபதிங்க கண்ணால பாக்கப் போறதில்ல, இதைத்தான் பாக்கப் போறாங்க. வெட்டணும்னா எழுத்துல உத்தரவு கொடுங்க. அதையும் உள்ளபடி சேர்த்துடுறேன்."

எழுத்தில் உத்தரவு என்றாலே கண்காணிப்பாளருக்குக் காய்ச்சல் வரும். தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

விசாரணை நாளன்று, மூலக் கட்டைச் சுமந்துகொண்டு அக்கா நீதிமன்றத்தின் பின்வரிசையில் நின்றார். தண்டனை பெற்றவனுக்காகக் கீழ்நீதிமன்றத்தில் வாதாடிய அதே வழக்கறிஞர்தான் எழுந்தார். நாற்காலி உடைந்த குறிப்பு எப்படியும் காகிதச் சிக்கனத்தில் காணாமற்போயிருக்கும் என்ற நம்பிக்கை அவர் குரலில் கணீரென்று ஒலித்தது.

"வந்தது இவர்தானான்னு அந்தப் பொண்ணுகிட்ட கேட்டேன். பதினொன்னு பத்துக்குக் கேள்வி. பதினொன்னு இருபதுக்குத்தான் பதில். உண்மை தெரிஞ்சவங்களுக்கு ஏன் இவ்வளவு தயக்கம்?"

நீதிபதியம்மா பக்கத்தைப் புரட்டினார். "நடுவுல ஒரு நாற்காலி உடைஞ்சிருக்கே. அது யாரோடது?"

வழக்கறிஞர் தொண்டையைச் செருமினார். "என்னோடதுதான் மேடம்."

"நீங்க விழுந்து எழுந்திரிக்கிற வரைக்கும் அவங்க பொறுமையா நின்னிருக்காங்க. நீங்க உட்கார்ந்ததும் முதல் வார்த்தையே 'இவன்தான்'. இதுக்குப் பேரு தயக்கமா?"

மருத்துவ அறிக்கை, ஏனைய சாட்சியங்கள் என ஒவ்வொன்றையும் எடைபோட்ட நீதிபதிகள், மூன்றாவது வாரத்தில் தண்டனையை உறுதிசெய்தார்கள்.

தீர்ப்பின் நகலுக்காக அந்தப் பெண் நகல் பிரிவின் சன்னலருகே வந்து நின்றாள். தாளைப் பிரிக்கவில்லை.

"அக்கா, நான் மறுபடியும் வந்து சொல்லணுமா?"

"வேண்டாம்மா."

"இதுக்கு மேலயும் ஒரு கோர்ட்டு இருக்காமே?"

"இருக்கு. அவன் அங்கயும் போவான், போகட்டும். அங்கயும் இந்தக் காகிதந்தான் போகும். நீ வீட்டுல இரு."