பூட்டு எடுத்த பதினொரு ஓட்டங்கள்

ஒன்பது வயதில் நான் ஓர் அடிமுட்டாளாக இருந்தேன். இப்போது நாற்பதை நெருங்குகிறேன். வயதைத் தவிர வேறெதுவும் பெரிதாக மாறவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். ஆனால் இன்றைய முட்டாள்தனத்தில் ஒரு நிதானம் வந்திருக்கிறது. அன்றைக்கு இருந்தது சுறுசுறுப்பான முட்டாள்தனம். கையில் பேனாவும் அரைப் பிளேடும் வேறு இருந்தன.

அந்தக் காலத்தில் பபிள்கம் வாங்கினால் உள்ளே ஒரு கிரிக்கெட் அட்டை இருக்கும். முன்பக்கம் ஆட்டக்காரரின் படம். பின்பக்கம் அவர் ஆடிய ஆட்டங்கள், எடுத்த ஓட்டங்கள், வீழ்த்திய விக்கெட்டுகள். நமுனுகுல மலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீடுகளில் இருந்த பிள்ளைகள் எல்லோரிடமும் ஆளுக்கொரு கட்டு இருந்தது. விளையாட்டு எளிது. இருவர் ஆளுக்கோர் அட்டையை வைக்க வேண்டும். ‘ஓட்டம்’ என்று ஒருவன் சொன்னால் இரண்டையும் திருப்பிப் பார்ப்பது. எண் கூடியவன் இரண்டையும் எடுத்துக்கொள்வான்.

எனக்கு இதில் ஓர் அநியாயம் தெரிந்தது. அட்டை அச்சான நாளோடு கணக்கு நின்றுவிடுகிறது. மனிதரோ இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார். நேற்று அவர் அடித்த சதம் ரேடியோ வழியாக ஊருக்கே கேட்டது, அட்டைக்கு மட்டும் கேட்கவில்லை. ஆகவே வர்ணனை முடிந்ததும் பழைய எண்ணைப் பிளேடால் சுரண்டிவிட்டு, கூட்டி, புதிய எண்ணை எழுதத் தொடங்கினேன். வகுப்பில் கணக்குப் பாடத்துக்கு முட்டை வாங்குகிறவன், இந்தக் கூட்டலை மட்டும் ஒரு வங்கி மனேஜரின் பொறுப்போடு செய்தேன். என் அட்டைகள் ஜெயித்தன. மற்றவர்கள் கத்தினார்கள். வழக்கு சலூன் மாமாவிடம் போனது.

சலூன் மாமா எங்களுக்கு எந்த வழியிலும் மாமா இல்லை. தோட்டத்துக்குக் கீழே, பஸ் நிற்கும் சந்தியில் முடி வெட்டுகிறவர். கிரிக்கெட் விஷயத்தில் அவர் சொல்வதற்கு மேல்முறையீடு கிடையாது. ரேடியோவில் சொன்னது என்றால் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னார். அடுத்த வாரமே எல்லோரும் பேனா எடுத்துவிட்டார்கள். ஒருவனுடைய பந்துவீச்சாளர் ஒரே இன்னிங்ஸில் பதினான்கு விக்கெட் எடுத்திருந்தார்.

சலூன் மாமா அந்த அட்டையைக் கண்ணாடிக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தார். “பத்து விக்கெட்தானடா இருக்கு. மிச்ச நாலு யாரு, அம்பயர்மாரா?”

அவர் கடையில் கண்ணாடிக்கு மேலே ஒரு சுவர் இருந்தது. சுவர் என்றால் எல்லாக் கடையிலும் இருக்கும்; இது வேறு. பத்திரிகையிலிருந்து வெட்டிய படங்களைச் சட்டம் போட்டு வரிசையாக மாட்டியிருந்தார். மொத்தம் நான்கே பேர். யார் கேட்டாலும் ஐந்தாவது ஆளை ஏற்ற மாட்டார். ஆடி முடித்து ஓய்வு பெற்றிருக்க வேண்டும், பெரிதாக எதையாவது செய்தும் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

“ஆடிக்கிட்டிருக்கிறவனை மாட்டிட்டு, அவன் நாளைக்கு முட்டை எடுத்தா யாரு ஏணி வச்சுக் கழட்டுறது?” என்பார்.

ஒரு ஆட்டக்காரரை நாங்கள் ‘பூட்டு’ என்று அழைப்போம். ஐந்தாவதாக இறங்குவார். அழகாக அடிக்க மாட்டார். ஆனால் ஆட்டமிழக்கவும் மாட்டார். அதனாலேயே அவருடைய அட்டைக்கு எங்களிடம் மரியாதை இல்லை. இரண்டு பளிங்கிக் குண்டு கொடுத்தால் கிடைக்கும். ஒன்று கொடுத்தாலும் தள்ளிவிட ஆள் இருந்தது. அந்தப் பூட்டு ஒரு நாள் ஓய்வை அறிவித்தார். அதற்குப் பிறகுதான் எல்லோரும் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார்கள் போலிருக்கிறது. நின்று நின்று அடித்ததிலேயே மனிதர் நாட்டில் வேறு எவரையும்விடக் கூடுதலாக ஓட்டம் சேர்த்திருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சலூன் மாமா ஐந்தாவது சட்டத்தை மாட்டினார். கீழே வெள்ளைப் பெயின்டில் மொத்த ஓட்டத்தை எழுதினார், நான்கு இலக்கம். அன்று பின்னேரமே பூட்டின் ஓர் அட்டைக்குப் பத்து அட்டை கேட்டார்கள். போன மாதம் ஒரு கொய்யாக்காய்க்கு என் பூட்டைக் கொடுத்திருந்தவன் நான். அதுவும் பிஞ்சு.

ஆனால் அக்காவிடம் ஒன்று இருந்தது.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். பதுளையில் படித்தாள். அட்டை ஆட்டமெல்லாம் அவளுக்குச் சின்னப்பிள்ளை வேலை. தேர்த் திருவிழாவில் எப்போதோ அப்பா வாங்கிக் கொடுத்த பபிள்கத்தில் வந்த பூட்டை மட்டும் பஸ் சீசன் டிக்கெட் உறைக்குள், சீசனுக்குப் பின்னால் வைத்திருந்தாள். மடங்காத அட்டை. பூட்டு மீசை அரும்பிய பையனாகச் சிரிப்பார். அவருடைய முதல் வருடத்தில் அச்சானது. பின்பக்கத்தில் ஆட்டங்கள் மூன்று, ஓட்டங்கள் பதினொன்று.

அக்காவின் வேலை ஓடுவது. நானூறு மீட்டரில் வலயப் போட்டிக்குத் தெரிவாகியிருந்தாள். அதுவரை வெறுங்காலோடுதான் ஓடினாள். வலயப் போட்டி நடக்கும் மைதானத்தில் மழை பெய்தால் வளைவில் புல் வழுக்கும், சப்பாத்து இல்லாமல் சரிவராது என்று விளையாட்டு டீச்சர் சொல்லிவிட்டார். அடியில் ஆணி வைத்த ஓட்டச் சப்பாத்து அம்மாவிடம் கேட்கிற பொருளில்லை. அக்கா கேட்கவுமில்லை.

பதுளை பஜாரில் புடவைக் கடை வைத்திருந்தவரின் மகள் அக்காவின் வகுப்பு. அவளிடம் இரண்டு சோடி ஆணிச் சப்பாத்து இருந்தது. பெரிய அட்டை ஆல்பமும் இருந்தது. அதில் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் அவருடைய முதல் வருட அட்டையை மட்டும்தான் சேர்ப்பாள். பூட்டு ஓய்வு பெற்றதும் அந்தப் பக்கம் காலியாக இருப்பது அவளை உறுத்தியது. அக்காவின் உறைக்குள் இருப்பது ஞாபகம் வந்தது. ஒரு சோடி சப்பாத்துக்கு அந்த ஓர் அட்டை என்று பேசி முடித்தார்கள். சனிக்கிழமை கடையில் மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டை வெள்ளிக்கிழமை அக்காவே என்னிடம் சொன்னாள். என் மூளை உடனே வேலை செய்தது. அது வேலை செய்த சந்தர்ப்பங்களை நான் எப்போதும் அச்சத்தோடுதான் நினைத்துப் பார்க்கிறேன். உலகமே மெச்சுகிற மனிதரின் அட்டையில் பதினொன்று என்று போட்டிருக்கிறது. இதைப் போய் யாராவது சப்பாத்துக்கு மாற்றுவார்களா? கடைக்காரர் மகள் பார்த்ததும் முகத்தைச் சுளிப்பாள். அக்கா அவமானப்படுவாள். நான் சந்திக்கு ஓடி, சுவரில் இருந்த நான்கு இலக்கத்தை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தேன். அக்கா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். பதினொன்றை மெல்லச் சுரண்டினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக நான் எதையும் எழுதியதில்லை. மூன்று ஆட்டத்தில் அத்தனை ஓட்டம் எப்படி என்று எவரும் கேட்டுவிடக்கூடாதே என்று ஆட்டங்களையும் திருத்தினேன்.

மறுநாள் நானும் கூடப் போனேன். கடைக்காரர் மகள் சப்பாத்துப் பையைப் துணி அளக்கிற மேசைமேல் வைத்தாள். அக்கா உறையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். கடைக்காரர் மகள் அதை வாங்கி, படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திருப்பினாள்.

“ஏய், என்ன இது?”

“நான்தான் சரி பண்ணினேன்,” என்றேன். “கடைசி மெச் வரைக்கும் இருக்கு.”

“பதினொண்ணு எங்க?”

“சுரண்டியாச்சு.”

அவள் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கோபப்படவில்லை, அழுதுவிடுவாள் போலத்தான் இருந்தது. “எனக்கு அந்தப் பதினொண்ணுதான் புள்ள வேணும். இவ்வளவு அடிச்ச மனுசன் பதினொண்ணுல நின்ன அட்டை. அதனாலதானே கேட்டேன்.”

அக்கா அட்டையைப் பார்த்தாள். பிறகு பையைப் பார்த்தாள். வாய் கட்டாத பையிலிருந்து ஒரு சப்பாத்தின் நாடா வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவளே உள்ளே எடுத்துவிட்டு, பையை அந்தப் பக்கம் நகர்த்தினாள்.

“பரவால்ல, விடு,” என்றாள்.

 பஸ் பாதி வழியில் தமோதரை தாண்டியதும் அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“எந்தப் பேனா?”

“உன்னோடதுதான்.”

அதற்குப் பிறகு வீடு வரும்வரை யன்னல் வழியாகத் தேயிலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

சப்பாத்து எங்கே என்று அம்மா கேட்டபோது, அந்தப் பிள்ளைக்கு மனசு மாறிவிட்டது என்றாள் அக்கா. அம்மா பணக்காரப் பிள்ளைகளின் குணத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். நான் கொழுந்து நிறுக்கிற மடுவத்து மணிபோல் தலையை ஆட்டி ஆமோதித்தேன். தப்பித்துவிட்டேன் என்பதைத் தவிர அன்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

போட்டிக்குக் கைதட்ட எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் பஸ்ஸில் ஏற்றிப் போனார்கள். காலையில் மழை தூறியிருந்தது. அக்கா பாவாடையைச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு நின்றாள். துப்பாக்கி வெடித்ததும் பாய்ந்தாள். கடைசி வளைவுக்கு வரும்போது இரண்டாவதாக இருந்தாள். வளைவில் அவள் இடது கால் ஒரு முறை பக்கவாட்டில் போனது. விழவில்லை. விழாமல் இருப்பதற்கு இரண்டு எட்டு செலவானது. அதற்குள் ஒருத்தி கடந்து போய்விட்டாள்.

அக்கா மூன்றாவது. எட்டுப் பேரில் மூன்றாவது என்பது எனக்குப் பெரிய விஷயம். நான் வாங்குப் பலகையில் ஏறி நின்று என் தொண்டை கட்டும்வரை கத்தினேன். கத்துவதை நிறுத்தச் சொல்லி டீச்சர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். மாகாணப் போட்டிக்கு முதல் இரண்டு பேர்தான் போவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், அந்த மூன்றாம் இடத்தைப் பேனாவும் பிளேடுமாக நான் வீட்டிலேயே தயாரித்தேன் என்று கண்டுபிடிக்க எனக்கு இன்னும் பல வருடங்கள் தேவைப்பட்டன. அக்கா சான்றிதழைச் சுருட்டிக்கொண்டு வந்து, என் தலையில் தட்டி, “ஏன்டா இப்படிக் கத்துற, எல்லாரும் பாக்குறாங்க” என்று மட்டும் சொன்னாள். அந்த வருடத்துக்குப் பிறகு அவள் ஓடவில்லை. அதையும் நான் கவனிக்கவில்லை.

அக்கா இப்போது பண்டாரவளையில் இருக்கிறாள். பேரப்பிள்ளைக்குக் காத்திருக்கிற வயது. போன மாதம் போனில் எதையோ நோண்டிக்கொண்டிருந்தபோது, பழைய அட்டைகளை வாங்கி விற்கிறவர்களின் பக்கம் ஒன்று கண்ணில் பட்டது. அங்கே மீசை அரும்பிய பூட்டு சிரித்துக்கொண்டிருந்தார். மூன்று ஆட்டம், பதினொரு ஓட்டம். கேட்டிருந்த விலையின் இலக்கங்களை விரல் வைத்து இரண்டு முறை எண்ணினேன். இப்படிப்பட்ட செய்தியை அமுக்கி வைத்திருப்பதுதான் புத்திசாலித்தனம் என்பதால், நான் உடனே அக்காவுக்கு அழைப்பு எடுத்தேன்.

“அக்கா, நான் மட்டும் அந்த அட்டையைச் சுரண்டாம இருந்திருந்தா, இன்னைக்கு அது என்ன விலை தெரியுமா?”

“எனக்கு அன்னைக்குத்தான்டா வேண்டியிருந்துச்சு.”