மனோரமா அண்ணியின் கறுப்பு வெள்ளைப் பேய்

என் அண்ணி மனோரமாவுக்கு ஆந்திர எல்லை ஊரான நகரியில் நான்கு பவர்லூம் தறிகள் உண்டு, ஒரு மகன் உண்டு, பேய்ப்படப் பைத்தியமும் உண்டு. இப்போது வருகிற பேய்ப்படங்கள் அவளுக்கு ஆகாது. கறுப்பு வெள்ளையில், நமக்குப் புரியாத பாஷையில், காலை இழுத்து இழுத்து நடக்கும் அந்தக் காலத்து வெளிநாட்டுப் பூதங்கள்தான் வேண்டும். அவற்றைப் பற்றிப் பேசுகிற பிரியத்தில் பாதிகூட என் அண்ணனைப் பற்றிப் பேசும்போது இருக்காது.

அம்மன் கோயில் திருவிழாவான ஜாத்திரை அன்று எங்கள் தெருவில் எல்லாத் தறிகளுக்கும் லீவு. பொழுது சாய்ந்ததும் கோயில் சுவரில் அண்ணி தன் தறியில் ஓட்டிய, வெளுக்காத கோரா துணியைக் கட்டி, புரொஜெக்டரில் படம் போடுவாள். பல வருஷப் பழக்கம். இந்த வருஷம் அதற்கு வேட்டு வைத்தவள், ஸ்ரீ சிட்டி கம்பெனிக்கு வேலைக்குப் போகும் என் மகள் துர்காதேவி. ஆளுயர ஸ்பீக்கரோடு வந்து நின்றாள்.

"அத்தே, உன் பேயைப் பார்த்தா பச்சக் கொழந்தகூட சிரிக்கும். ரெண்டு படமும் போடலாம். எதுல ஜனம் பாதியில எழுந்து போவுதோ, அது அடுத்த வருஷத்துலேர்ந்து கெடயாது. சரேவா?"

"சரே" என்றாள் அண்ணி, யோசிக்கக்கூட இல்லை.

நான்தான் யோசித்தேன். இந்த ஒரு சாயங்காலத்துக்காக அவள் வருஷம் முழுக்கப் படம் தேடுகிறவள். இதுவும் போனால் அவளுக்கென்று என்ன மிச்சம்?

முதலில் துர்காவின் படம். ஸ்பீக்கர் அலறியது, திரையெல்லாம் ரத்தம். எங்கள் ஜனமோ முறுக்கைக் கடித்துக்கொண்டு, அந்தச் சத்தத்துக்கு மேல் கத்திக் கல்யாணம் பேசியது. தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர்கள், காதருகில் வெடி வைத்தாலும் "இன்னா?" என்றுதான் கேட்பார்கள். ஆனால் யாரும் எழுந்து போகவில்லை. துர்காவுக்கு அது போதும்.

அடுத்து அண்ணியின் படம். உடம்பெல்லாம் துணி சுற்றிய பிணம் ஒன்று பெட்டியிலிருந்து எழுந்தது.

"ஏம்மா, இவனுக்குச் சுத்தின துணி எத்தினி மீட்டர் இருக்கும்? பிரிபிரியாத் தொங்குது பாரு, நூலே சரியில்ல" என்றார் தறி மேஸ்திரி சின்னசாமி. தெருவே சிரித்தது.

"சிரிங்க, நல்லா சிரிங்க" என்றாள் அண்ணி.

படத்தில் ஒரு முரசு, தறி ஓடுகிற மாதிரியே, விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அந்தத் தாளத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. பிணம் நிதானமாக நடந்தது. சுவரில் அதன் நிழல் மட்டும் வளர்ந்தது, முகத்தைக் காட்டவே இல்லை. அவரவருக்குப் பயமான முகத்தை அவரவரே ஒட்டிக்கொண்டோம். எனக்குத் தெரிந்தது செத்துப்போன என் மாமியார் முகம்.

ஒரு பெண் தூங்கும் அறைக் கதவருகே அது நின்றது. முரசும் சட்டென்று நின்றது.

தெரு மொத்தமும் எழுந்துவிட்டது. "எவன்டா தறிய நிறுத்தினது?" என்று கத்திக்கொண்டு சின்னசாமி தன் வீட்டுக்குள் ஓடினார். மற்றவர்களும் ஆளுக்கொரு வாசலுக்கு ஓடினார்கள். ஓடுகிற தறி திடீரென்று நின்றால் நூல் அறுந்திருக்கும், இல்லையென்றால் யாருடைய கையாவது மாட்டியிருக்கும். எங்களுக்குச் சத்தம் பயமில்லை, சத்தம் நின்றால்தான் உயிர் போகும். அன்று எல்லாத் தறியும் லீவு என்பது ஒருவருக்கும் நினைவில்லை.

"எழுந்து போய்ட்டாங்க அத்தே. நீ தோத்துட்ட" என்றாள் துர்கா.

அண்ணி படத்தை நிறுத்தினாள். "தோத்தா தோத்தேன்" என்று துணியின் முடிச்சில் கை வைத்தாள்.

அதற்குள் சின்னசாமி மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். பின்னாலேயே தெருவும் வந்தது.

"கைய எடும்மா! அந்தக் கதவு தெறந்துச்சா இல்லியா? அத்தச் சொல்லு மொதல்ல!"

அண்ணி துர்காவைப் பார்த்தாள். துர்காவின் இரண்டு கைகளும் அண்ணியின் முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்தன.

"திரும்பி வந்துட்டாங்களே, எழுந்து போனது கணக்குல வராது. போடு அத்தே" என்றாள் என் மகள். "ஆனா எங்கியும் போவாத. என் பக்கத்துலயே குந்திக்கோ."