பின் சீட்டில் இருந்தவன்

நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். நானும் சிரித்தவன்தான். பேயைக் கண்டேன் என்று யாராவது சொன்னால், என்ன குடித்தாய் என்று கேட்பேன். 'தீர விசாரிப்பதே மெய்' என்பதைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்தவன். தீர விசாரித்தேன், அதுதான் வினையாகிவிட்டது.

எழுபதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னிக்கு வந்து பிளாக்டவுன் பக்கம் குடியிருந்தோம். என் மனைவி மலர் கொழும்பிலேயே கார் ஓட்டியவள், எனக்குச் சைக்கிள்தான். அவளுக்கு ஏழாம் மாதம். இனி ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி தூரம், வலி வந்தால் நான்தான் கொண்டுபோக வேண்டும். அந்தப் பயத்தில் எனக்குத் தூக்கமே இல்லை.

பழக இடம் காட்டியது பக்கத்து வீட்டு ஜாக். இரண்டாம் உலக யுத்தகாலத்தில் கடற்படை விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்த பிரிவில் மெக்கானிக்காக இருந்த கிழவர். கப்பல் தளத்தில் விமானத்தை இறக்குமுன் பையன்கள் தரையில் இறக்கிப் பழகிய ஓடுபாதை ஒன்று புல் முளைத்துக் கிடக்கிறது, கடைசி வரை மட்டும் போகாதே, அங்கே பள்ளம் என்றார்.

ஞாயிறு காலை, நல்ல மூடுபனி.

"கிளச்சை மெல்ல விடுங்கோ! மாட்டு வண்டிலே ஓட்டுறியள்?" என்று மலர் பக்கத்திலிருந்து அதட்டினாள். ரோஷத்தில் வேகம் கூட்டினேன். அப்போது பனிக்குள் ஓர் ஆள். இரண்டு கையிலும் டென்னிஸ் மட்டை போன்ற மட்டைகளைப் பிடித்து, தோள் மட்டத்துக்கு நீட்டிக்கொண்டு, சரியாகத்தான் வருகிறாய், வா என்பது போல நின்றார். நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயமே வரவில்லை, யாரோ என் பாரத்தை வாங்கிக்கொண்ட நிம்மதிதான், கால் தானாக ஆக்சிலேட்டரில் அமர்ந்தது.

மலர் ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். கார் சுழன்று நின்றது. பக்கத்திலேயே ஆள் உயரப் பள்ளம். அந்த ஆள் நின்ற இடத்தில் தரையே இல்லை.

"அந்த ஆளைக் கண்டனீரோ?"

"நான் ஒருத்தரையும் காணேல்லை. பின்னாலை இருந்து ஒரு கை என்ரை தோளைப் பிடிச்சு உலுப்பினது, அதுதான் இழுத்தனான்."

பின் சீட்டில் யாரும் இல்லை.

ஜாக்கிடம் சொன்னேன். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். விமானம் இறங்கச் சைகை காட்டும் மட்டைக்காரர் கையை நீட்டினால் விமானி நேரே வரலாம், தலைக்கு மேல் ஆட்டினால் இறங்காமல் திரும்ப எழும்ப வேண்டுமாம். ஒரு பனிக் காலையில் மட்டைக்காரர் கையை ஆட்ட வேண்டிய நேரத்தில் நீட்டிய கையோடு நின்றுவிட்டார். விமானம் அந்தப் பள்ளத்தில் விழுந்தது.

"விமானிக்குப் பின்னால் இருந்து ரேடியோ இயக்கிய பையனை நான்தான் வெளியே தூக்கினேன். விமானியின் தோளை நோக்கி அவன் கை நீண்டபடியே இருந்தது. எட்டவில்லை" என்றார்.

வலி வந்த அன்று நான்தான் ஓட்டினேன். பின் சீட்டில் படுக்கச் சொன்னேன். மலர் மறுத்து முன்னால் ஏறினாள்.

"அண்டைக்கு அந்தப் பெடியன் இறங்கினதை நீங்கள் கண்டனீங்களோ?" என்று கேட்டாள்.

நான் காணவில்லை.

மகள் நல்லபடி பிறந்தாள். அந்தக் காரை விற்க எங்களுக்கு மனம் வரவில்லை, இன்றும் வீட்டுக்குப் பின்னால் துருப்பிடித்து நிற்கிறது. சில மாலைகளில் மலர் போய், அவன் இறங்கட்டும் என்று அதன் பின் கதவைத் திறந்து வைத்துவிட்டு வருவாள். காற்றுத்தான் சாத்துகிறது என்று நான் அவளிடம் சொல்வதுண்டு. ஆனால் காற்றே இல்லாத இரவுகளிலும், விடிந்து பார்த்தால் கதவு உள்ளே இழுத்துச் சாத்தித்தான் இருக்கிறது.