டெக்சாஸ் கிணறும் அத்தை கையெழுத்தும்

அத்தை கையெழுத்துப் போட வேண்டிய பாரம் நாலு நாளாக என் சட்டைப்பையில் வியர்வையில் ஊறிக் கிடந்தது. மேனேஜரிடமிருந்து போன் மேல் போன். இந்தத் தொழிலில் சொந்தக்காரர்களைத் தொட்டுவிட்டால் தூக்கம் போச்சு. இன்சூரன்ஸோ சீட்டோ பிடிக்கப் போய், வாசலில் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று நின்றவர்களுக்கு இது தெரியும். நான் விற்றது அமெரிக்காவில் பாறையை உடைத்து எண்ணெய் எடுக்கிற கிணற்றில் பங்கு. ஒரு பங்கு ஒரு லட்சம். பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறிய 2008. பிளஸ் ஒன்னைப் பாதியில் விட்ட எனக்கு, திருத்தங்கல் ஏஜென்சி ஒன்று கழுத்தில் டை கட்டிவிட்டிருந்தது.

தண்ணியும் எண்ணெயும்

சூலக்கரையில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். பாறைக்குள் தண்ணீரை வேகமாக அடித்தால் பாறை விரியும், எண்ணெய் வரும் என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். காபி டம்ளரைக் கீழே வைத்தார். “தண்ணியை ஊத்தி எண்ணெய் எடுக்கானா? இங்கன நான் டீசலை ஊத்தித் தண்ணி எடுக்கவே சீரழியுதேன். எந்திரிலே!”

தேங்காய்

விஸ்வநத்தத்துப் பட்டாசு முதலாளி ஒருவர், போர்வெல் போடுவதற்கு முன் நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டி வந்துவிட்டார். அமெரிக்கா மேப்பைத் தரையில் விரித்தோம். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு, அவர் வெறுங்காலோடு மேப் மேல் நடந்தார். டெக்சாஸில் தேங்காய் அசையவே இல்லை. கடலுக்குள் கால் வைத்ததும் எழுந்து நின்றது.

முதலாளி அதற்காக விட்டுவிடவில்லை. அவருடைய சம்பந்தி ஏற்கெனவே ரெண்டு பங்கு வாங்கி, சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டியிருந்தார். அதனால் இவர் மூணு. தேங்காய்க்காரர் மட்டும் கூலியை வாங்கும்போது சொன்னார்: “தண்ணின்னா நான் பொறுப்பு முதலாளி. எண்ணெய்க்கு எங்கிட்ட வரக் கூடாது.”

தங்க எழுத்து

பிரஸ் வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர், மகள் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயருக்குக் கீழே ‘அமெரிக்க எண்ணெய்க் கிணறு பங்குதாரர்’ என்று தங்க எழுத்தில் அடித்தார். அந்த வாரமே அமெரிக்கக் கம்பெனியிலிருந்து தாள் வந்தது. கிணற்றில் எண்ணெய் இல்லை, மூடியாயிற்று. மேனேஜர் அதை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு, அதே கிணற்றை விற்கச் சொன்னார். எனக்கு வாய் நிற்கவில்லை. அண்ணாச்சியிடம் ஓடினேன்.

மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். “வத்துனா வத்திட்டுப் போவுது. பத்திரிகை ஆயிரம் அடிச்சாச்சு. தாலி கட்டுறதுக்குள்ள வாயைத் தொறந்த, தொலைச்சுப்புடுவேன்.”

ஒரு வரி

அந்தப் பத்திரிகை அத்தை வீட்டுக்கும் போயிருக்கிறது. மாமா பட்டாசு கம்பெனியில் போர்மேன். வெடிவிபத்தில் போய்விட்டார். நஷ்ட ஈட்டுப் பணம் பேங்கில் கிடந்தது. அதை எடுத்து ஒரு பங்கு வாங்க வேண்டுமாம். “எம்புள்ள பத்திரிகையிலயும் அவ அப்பன் பேருக்குக் கீழ அந்த மாதிரி ஒரு வரி வரணும்லே” என்றாள். இதை மேனேஜரிடம் உளறியது நான்தான். அன்றைக்குப் பிடித்ததுதான் போன்.

நாலாம் நாள் போனேன். அத்தை சோறு போட்டாள். இருப்புக் கொள்ளாமல் பாதிச் சாப்பாட்டில் இடது கையால் பாரத்தை எடுத்து நீட்டினேன். அவள் பேனா மூடியைக் கழற்றியதும் பாரத்தைப் பிடுங்கிவிட்டேன். “கிணத்துல ஒண்ணுமில்ல அத்தை, மூடிட்டானுக. பேருக்குக் கீழ போர்மேன்னு போடுங்க. அதுதான் நெசம்.”

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பேனாவை மூடினாள். “படிப்பையும் பாதியில விட்ட, யாவாரத்தையும் பாதியில விடுத. சோத்தையாவது முழுசாத் தின்னுட்டுப் போலே.”

கையெழுத்தோடு வா, இல்லையென்றால் டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போ என்றார் மேனேஜர். ரெண்டையும் செய்யவில்லை, டை எங்கள் வீட்டுக் கொடியில்தான் தொங்குகிறது.