நடுவில் இருந்த இன்னாசித்தம்பி

எங்கள் இணையக் கலைக்களஞ்சியத்தில் மெய்யியல் அளவையியல் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் பாதிக்கு மேல் மீனவர் ஊரான குருநகரில் எழுதப்படுகின்றன என்றால் ஒஸ்லோவில் யாரும் நம்புவதில்லை. எழுதுகிறவள் கிறிஸ்ரினா. ஐஸ் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை, வெளிவாரியாகப் படித்த மெய்யியல் பட்டம். எழுத்தெல்லாம் கைபேசியில்தான். பிழை எதுவும் தப்பிவிடுமோ என்று பதறிப் பதறி ஆங்கில மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ஒஸ்லோவிலிருந்து நான் செய்யும் பங்கு.

அவளுடைய சோதனை வேறு. வெளியிடுமுன் ஒவ்வொரு கட்டுரையையும் கரையோர மீன்பிடிக் கொட்டிலான வாடியில் வலையிலிருந்து நண்டு கழற்றும் பெண்களுக்கு வாசித்துக் காட்டுவாள். ஒருத்தி "விளங்கேல்லை" என்றாலும் அந்தப் பந்தியைத் திருப்பி எழுதுவாள்.

ஆவணி விடுமுறையில் குருநகருக்குப் போயிருந்தபோது நானும் அவளோடு வாடிக்குப் போனேன். அன்று வாசிக்க இருந்தது 'விலக்கிய நடுப்பத விதி' பற்றிய கட்டுரை.

"வந்திட்டாள், எங்கடை மூளையைக் கழற்ற," என்றாள் நண்டு கழற்றிக்கொண்டிருந்த மேர்சி.

"உங்கடை மூளையிலை கழற்ற என்னக்கா கிடக்கு? நண்டிலையெண்டாலும் சதை இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். கிறிஸ்ரினா வாசித்தாள். "எந்தக் கூற்றை எடுத்தாலும் அது உண்மை, அல்லது அதன் மறுப்பு உண்மை. மழை பெய்கிறது, அல்லது பெய்யவில்லை. படகு கரையில் இருக்கிறது, அல்லது இல்லை. நடுவில் மூன்றாவது நிலை கிடையாது."

"உது ஆருக்குத் தெரியாது? உதுக்கும் ஒரு கட்டுரையோ?" என்றாள் மேர்சி.

அவளுக்குப் பக்கத்தில் நண்டு கழற்றிக்கொண்டிருந்த லூர்த்தம்மாவின் கைகள் நின்றுவிட்டன. அவருடைய கணவர் இன்னாசித்தம்பி முந்தின வருட மாரியில் கடலுக்குப் போனவர். படகும் வரவில்லை, உடலும் வரவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு பூசையிலும் "கடலில் பயணிப்போர்" என்ற மன்றாட்டில் அவர் பெயரை வாசிக்கச் சொல்லி வந்தார் லூர்த்தம்மா. இறந்தவர்களுக்கான ஆத்துமப் பூசைக்கு அவர் பெயரைக் கொடுக்க மாட்டேன் என்று நின்றவர். கரையில் உள்ளவர்களும் "இன்னாசித்தம்பியண்ணை" என்று தொடங்கி வசனத்தை முடிக்காமல் விட்டுவிடுவார்கள். அப்படிக் கதைக்கப் பழகிய கிறிஸ்ரினாவுக்குக் கட்டுரை எழுதும்போது அவர் விஷயம் ஞாபகத்துக்கே வரவில்லை.

"ஆக்களுக்கும் உப்பிடித்தானோ பிள்ளை?" என்று கேட்டார் லூர்த்தம்மா.

"எது மாமி?"

"ஒண்டில் இருக்கிறார், இல்லையெண்டால் இல்லை. நடுவிலை ஒருத்தர் இருக்கேலாதோ?"

கிறிஸ்ரினா என்னைப் பார்த்தாள். இந்த விதியை ஏற்காத அறிஞர்களும் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அவர்களைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசுவேன். தமிழில் நான் சொற்களைத் தேடுவதற்குள் கிறிஸ்ரினாவே சொன்னாள்.

"ரெண்டிலை ஒண்டு உண்மை எண்டு மட்டுந்தான் விதி சொல்லுது மாமி. எது எண்டு சொல்லாது."

"அது போதும்," என்று லூர்த்தம்மா கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். வீட்டுக்குத்தான் போகிறார் என்று நினைத்தோம்.

அன்று மாலைக் கோயில் பூசையில் மன்றாட்டுகளை உபதேசியார் வாசித்தார். முதலில் நோயாளர், அடுத்துக் கடலில் பயணிப்போர். அங்கே இன்னாசித்தம்பியின் பெயர் வரவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகு மரித்த ஆத்துமாக்கள். முதல் பெயரே அதுதான்.

கோயில் முழுவதும் ஒரு கணம் பதில் சொல்ல மறந்தது. மேர்சி வாயைப் பொத்திக்கொண்டாள். கிறிஸ்ரினா என் முழங்கையைப் பிடித்தாள். லூர்த்தம்மா மட்டும் நேராக நின்று, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார், தனியாக.

வெளியே வந்ததும் கிறிஸ்ரினா அவர் முன்னால் போய் நின்றாள். "மாமி, அந்தக் கட்டுரையை நான் அழிச்சுப்போடுறன். நாளைக்கே போய் ஃபாதரிட்டைச் சொல்லுவம், பேரைப் பழைய மன்றாட்டுக்கே மாத்தச் சொல்லி."

"ஏன் மாத்துவான்?"

"எது உண்மையெண்டு ஒருத்தருக்கும் தெரியாது மாமி. எனக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும் பிள்ளை. உப்புத் தண்ணியிலை எவ்வளவு நாளைக்கு ஒரு மனிசன்..." என்று நிறுத்திய லூர்த்தம்மா, முக்காட்டை இழுத்து விட்டார். "நாளைக்குப் பின்னேரம் வீட்டிலை செபமாலை. நீதான் முன்னுக்கு நிண்டு சொல்லித் தர வேணும். எனக்குக் குரல் வராது."

"ஓம் மாமி," என்றாள் கிறிஸ்ரினா. அவர் தெருவைக் கடக்கும் வரை நின்றுவிட்டு, கோயில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். முச்சக்கரவண்டிக்காரர் ஒருவர் வழி கேட்டு ஒலி எழுப்பியும் அவள் எழும்பவில்லை.