அம்மா சொன்ன ‘அவங்க’

“எல்லாத்தையும் சொல்லிப்போட்டேன் அம்மணி” என்று அம்மா போனில் சொன்னபோது நான் பல்லடத்தில் எங்கள் வீட்டு அடுப்படியில் நின்றிருந்தேன். பின்கட்டில் தறிச் சத்தம். காதில் சரியாக விழவில்லையோ என்று கதவைச் சாத்திவிட்டு வந்து, “எல்லாத்தையும்னா?” என்று மறுபடி கேட்டேன்.

“எல்லாத்தையுந்தான். அந்தப் புள்ள கேட்டுட்டே இருந்துச்சு, நானும் சொல்லிட்டே இருந்தேன். கை ஒடிஞ்சதக்கூடச் சொல்லிப்போட்டேன்.”

நான் அடுப்பை அணைத்தேன்.

பீளமேட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில், மூடிப்போன மில்களில் வேலை பார்த்த பெண்களைத் தேடிப்பிடித்துப் பேசவைத்து, அதை அப்படியே ஒலிப்பதிவு செய்து சேர்த்துவைக்கிறார்கள். வாய்மொழி வரலாறாம். அம்மா இளவயது முழுக்க நூல் மில்லில் நின்றவள். அவளைப் பற்றி அந்தக் கல்லூரிப் பெண்ணிடம் சொன்னதே நான்தான். ஷிப்டு, பஞ்சுத் தூசி, ஸ்ட்ரைக்கு என்று ஏதாவது சொல்லிவிட்டு வருவாள், வீட்டில் அடைந்துகிடப்பவளுக்கு ஒரு மாற்றமாக இருக்கும் என்று நினைத்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி வேறு யாருமல்ல, நான்தான்.

அம்மாவின் இடது கை முழங்கைக்குக் கீழே கோணல். கேட்பவர்களுக்கெல்லாம் எங்கள் வீட்டில் ஒரே பதில், மில்லில் மெஷினில் மாட்டிக்கொண்டது என்று. அண்ணனும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தான். அது நடந்த அன்று அவன் ஆனைமலையில் மாமா வீட்டில் இருந்தான். நான் வீட்டில் இருந்தேன். கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அடித்தது எங்கள் அப்பா, விறகுக்கட்டையால்.

அப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது. அண்ணனுக்கு அவர் சாமி. “எங்கப்பன் ஒரு எறும்புக்குக்கூடத் துரோகம் நெனைக்காத மனுசன்” என்று எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாரிடமாவது சொல்லிக் கண் கலங்குவான். அம்மா இருப்பது அவனுடைய வீட்டில். இந்த விஷயம் அவன் காதில் விழுந்தால் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். கத்த மாட்டான், பேச்சை நிறுத்திவிடுவான். என்னிடம் ஒரு சின்ன விஷயத்துக்குக் கோபித்துக்கொண்டு ஒரு வருஷம் முகம் கொடுக்காமல் இருந்தவன். இந்த வயசில் பேச்சுத் துணையில்லாத வீட்டில் அம்மா எப்படி இருப்பாள்? என் வீட்டுக்குக் கூப்பிட்டாலோ, “மவ ஊட்டுல எத்தன நாளைக்குக் கண்ணு இருக்கறது” என்பாள்.

அந்தக் கல்லூரிப் பெண்ணுக்குப் போன் செய்தேன். கும்பகோணத்துப் பக்கத்துப் பெண், நல்ல பிள்ளை.

“அக்கா, அம்மா பேசினது பிரமாதம்! திறப்பு விழாவுல அவங்க கை உடைஞ்ச பகுதியைத்தான் முதல்ல போடப்போறோம்” என்றாள்.

“அதை மட்டும் விட்டுறலாங்களா?”

“ஏங்க்கா? அம்மா சம்மதம் சொல்லிட்டாங்களே. கண்டிப்பாப் போடச் சொன்னாங்க.”

சரி, அம்மாவையே பிடிப்போம் என்று அண்ணன் வீட்டுக்கு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். சூலூர், சிங்காநல்லூர் எல்லாம் தாண்டிப் போனது எதுவும் மனசில் பதியவில்லை. போய்ச் சேரும்போது அண்ணன் வொர்க்ஷாப்புக்குப் போயிருந்தான். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“வேண்டாம்னு சொல்லிரும்மா.”

“ஏன் சொல்லோணும்? எனக்கு நடந்ததத்தானே சொன்னேன்.”

“அண்ணனுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சயா?”

அவள் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அவனுக்கு எப்பத்தான் தெரியறது?” என்றாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து மறைத்து நாங்களெல்லாம் பழகிவிட்டோம். அந்தச் சோற்றை விழுங்கிக்கொண்டிருந்தவள் அவள்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

விழா நாளன்று அண்ணன் வராமல் இருந்துவிட்டால் தேவலை என்று வேண்டிக்கொண்டேன். மாசாணியம்மனுக்குக்கூட நேர்ந்துகொண்டேன். அவனோ வொர்க்ஷாப்புக்கு லீவு விட்டு, வெள்ளைச் சட்டை போட்டு, எங்களைக் காரில் கூட்டிக்கொண்டு வந்து முன் வரிசையில் உட்காரவைத்தான். “எங்கம்மா பேசறாங்க” என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் பெருமையாகச் சொன்னான். நடுவில் உட்கார்ந்துகொண்டு, இவன் எழுந்து போனால் இவனைப் பிடிப்பதா, அம்மாவைப் பிடிப்பதா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

விளக்கை அணைத்தார்கள். திரையில் அம்மாவின் படம் வந்தது. பிறகு குரல்.

“ஸ்ட்ரைக்கு நடந்துட்டு இருந்துச்சுங்க. மில்லு கேட்டுக்கு முன்னால பொம்பளைக எல்லாம் உக்காந்துட்டோம். போலீசு வந்துச்சு. எந்திரிச்சுப் போகச் சொன்னாங்க, நாங்க போகலீங்க. அன்னிக்கு அவங்க அடிச்ச அடியிலதானுங்க கை ஒடிஞ்சுபோச்சு. பொம்பளைக்கு இத்தன திமிரான்னு கேட்டுக் கேட்டு அடிச்சாங்க.”

குரலுக்குக் கீழே எழுத்து ஓடியது. ‘வேலைநிறுத்தத்தின்போது காவலர்கள் தாக்கியதில் கை முறிந்த மில் தொழிலாளி.’

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. எங்கள் பக்கத்தில் அம்மா வயசுப் பெண்களுக்குப் புருஷன் ‘அவங்க’தான். சோறு போடும்போதும் ‘அவங்க’, அடி வாங்கும்போதும் ‘அவங்க’. காவேரிக்கரைப் பிள்ளைக்கு அது பல பேராகக் கேட்டிருக்கிறது. மரியாதையை அவள் கூட்டம் என்று எடுத்துக்கொண்டுவிட்டாள்.

அப்பாடா! வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்கு வந்தது நிம்மதிதான். தலையிலிருந்து மூட்டையை இறக்கிவைத்ததுபோல இருந்தது.

அரங்கம் முழுக்கக் கை தட்டியது. அண்ணன் எழுந்து நின்று தட்டினான், கண்ணில் தண்ணீர்.

அம்மா என் தோளைப் பிடித்து இழுத்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. “பார்த்தயா அம்மணி? நீ என்னமோ பயந்தயே! அத்தன பேரும் கேட்டாங்க, ஒருத்தராச்சும் மொகஞ்சுளிச்சாங்களா? உங்கண்ணன் எந்திரிச்சு நின்னு கை தட்டறான் பாரு.”

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அடிப்பாவி மகளே, இதை யோசிக்காமல் போனாயே என்று என்னையே திட்டிக்கொண்டேன். சொல்வதா வேண்டாமா என்று நான் தவித்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு போட்டார்கள். அண்ணன் அம்மாவின் முன்னால் குனிந்தான்.

“ஏம்மா, போலீஸ்காரனுகளா அடிச்சானுக? மெஷின்ல மாட்டுச்சுன்னுதானே இத்தன நாளாச் சொன்னீங்க. எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?”

அம்மா அவனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “போலீசுன்னு எவ சொன்னா?”

“அங்க எழுதியிருந்துச்சும்மா” என்றேன்.

அவள் முகம் அணைந்துபோனது. “அப்ப இவன் அதுக்கா கை தட்டுனான்?” என்று என்னிடம் கேட்டாள்.

கூட்டம் டீ குடிக்க வெளியே போய்க்கொண்டிருந்தது. அம்மா எழுந்து, மேசையில் கம்ப்யூட்டரை மூடிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணிடம் போனாள். “ஏங்கண்ணு, அன்னிக்கு மாதிரி அந்த மைக்கக் கொஞ்சம் போடு.”

“என்னம்மா, ஏதாவது விட்டுப்போச்சா?”

“நீ தப்பா எழுதிப்போட்ட.”

அந்தப் பெண் பதறிப்போய் மைக்கை எடுத்துவைத்தாள். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்தேன், “வேண்டாம்மா, ஊட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்” என்றேன். அம்மா அதை உருவிக்கொண்டாள். அண்ணன் ஒன்றும் புரியாமல் பின்னாலேயே வந்து நின்றான்.

“போலீசு என்னயத் தொடலீங்க” என்றாள் அம்மா மைக்கைப் பார்த்து. “நான் ஊட்டுக்கு வந்தப்பறந்தான் அடி உழுந்துச்சு. எங்கூட்டுக்காரரு…” சட்டென்று நிறுத்தினாள். “ஊட்டுக்காரருன்னா எந்த ஊட்டுக்காரருன்னு நாளைக்கு அதையும் மாத்தி எழுதிப்போடுவீங்க.”

ரேஷன் கடையில் புருஷன் பெயரைக் கேட்டால் என்னையோ அண்ணனையோ முன்னால் தள்ளிச் சொல்லவைப்பவள் அவள். கோயிலில் அர்ச்சனைக்கும் அப்படித்தான். சொன்னால் அவருடைய ஆயுசு குறையும் என்பாள். அவர் செத்த பிறகும் சொன்னதில்லை.

அன்று சொன்னாள். அப்பாவின் பெயரை, முழுசாக, அவருடைய அப்பா பெயரையும் சேர்த்து. பெயரைச் சொல்லிவிட்டு, “விறகுக்கட்டையில அடிச்சாங்க” என்று அப்போதும் மரியாதையோடுதான் முடித்தாள்.

அண்ணன் என்னைப் பார்த்தான். “நெசமா?” என்றுகூடக் கேட்கவில்லை. என் முகத்திலேயே இருந்திருக்கும்.

அம்மா அவன் பக்கம் திரும்பினாள். “கேட்டயா கண்ணு?”

அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் எதற்கு அத்தனை நாள் நடுங்கினேனோ அது வந்துவிட்டது. அம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். மைக்கை அணைக்க அந்தப் பெண்ணுக்குத் தோன்றவில்லை. அவன் பதில் சொல்லாமல் நின்றதும் அதில் பதிவாகிக்கொண்டிருந்தது.